கூட்டல் ஆறு

ஹார்லிங்கன் துறைமுகத்தில்
முன்பு இறால் உரித்த கொட்டகை.
எவ்வளவு கழுவியும் தரையில் இன்னும் கொஞ்சம் இறால்.
மணி மூன்று நாற்பது.
முந்நூறு பேரின் வியர்வை கூரைத் தகரத்தில் திரண்டு
மிக்ஸர்மேல் சொட்டுகிறது.
சீட்ஸ்கெ அதைச் சட்டைக் கையால் துடைக்கிறாள்.

இடப்பக்கத் தட்டு ஏ மைனர்.
நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு அடி.
ஆறு நிமிடமாக ஒரே சுரத்தைச் சுற்றிவருகிறது,
கூட்டமும் சுற்றிவருகிறது.
ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி
பெட்டிக்குள் விரலை ஓட்டுகிறாள்.

உறைகளின் மூலையில் அவள் எழுதிய எண்கள்,
ஒன்று முதல் பன்னிரண்டு வரை, கடிகாரம் போல.
எட்டுக்கு ஏழோடும் ஒன்பதோடும் பேச்சுவார்த்தை உண்டு.
வேறு வாசலை மிதித்தால்
சண்டைதான், அதுவும் ஊரைக் கூட்டி.

எட்டு, ஏழு, ஒன்பது, எல்லாம் தீர்ந்துவிட்டன.
அடியில் ஒரு வெள்ளை உறை.
எண் ஒன்று. ஜி ஷார்ப் மைனர், நூற்று முப்பது.
யெல்மரின் கையெழுத்து,
எங்கோ புறப்பட்டுப் போகிற மாதிரி சாய்ந்து.

இசை அவளுடையதுதான்.
டெர்ஸ்கெல்லிங் போகும் படகின் மேல்தளத்தில்
காற்றுக்குள் முனகியதைக் கைபேசியில் பிடித்து
அதன்மேல் கட்டியது.
யெல்மர் ரீமிக்ஸ் செய்து
ஐம்பது தட்டு அச்சடித்து ஒன்றை அனுப்பினான்,
வீட்டுச் சாவியோடு, ஒரே பொட்டலத்தில்.
ஒருமுறை கேட்டாள்.
என் சுருதியை இறக்கிவிட்டான் என்று
குளியலறைக் கண்ணாடியிடம் சொன்னாள்.
இரண்டு வருடம். பெட்டியில் எப்போதும் இருந்தது,
எந்த இரவிலும் சேரவில்லை.

சுருதி தாய், லயம் தந்தை என்பார்கள்.
இப்போதைய இயந்திரங்களில் ஒரு பொத்தான் இருக்கிறது,
அழுத்தினால் இருவரும் தனிக்குடித்தனம்.
தந்தையை எவ்வளவு விரட்டினாலும்
தாய் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பாள்.
வினைலில் அது நடக்காது.
ஒரே கயிறு.
ஒருவரை இழுத்தால் மற்றவர் எழுந்து வந்தாக வேண்டும்.

ஒரு பையன் மேடையில் சாய்ந்து
கைபேசியில் ஏதோ பாட்டின் பெயரைக் காட்டுகிறான்.
பார்க்காமலே தலையாட்டுகிறாள்.

வேகக் கம்பியைத் தன் பக்கம் இழுக்கிறாள்.
கூட்டல் இரண்டு. கூட்டல் நான்கு.
குதிரை இன்னும் நொண்டுகிறது.
கூட்டல் ஆறு.
ஹெட்போனில் உதையோடு உதை பொருந்துகிறது,
பொருந்தியது அது மட்டுமில்லை.
ஜி ஷார்ப் அரை சுரம் ஏறி
ஏ-யில் வந்து நிற்கிறது.

முனகலும் ஏறிவிட்டது.
யாரோ கனத்த குரல்காரி என்று நினைத்திருந்தது
இப்போது அவளே,
இருபத்தாறு வயது, மூக்கடைப்போடு.
அவள் கட்டியதும் நூற்று முப்பத்தெட்டில்தான்,
ஏ-யில்தான்.

இறக்கவே இல்லை அவன்.
மெதுவாக்கியிருக்கிறான், அவ்வளவுதான்.
கடலணையில் நடக்கும்போதும் அதைத்தான் கேட்பான்:
கொஞ்சம் மெதுவா நடயேன்.

வலது ஃபேடரை ஏற்றுகிறாள்.
இடது பாஸைத் திருகி அணைத்து, வலது பாஸைத் திறக்கிறாள்.
முழுக்கச் சேரவில்லை, ஒரு மயிரிழை தள்ளி.
இரண்டு ஏ-க்களும் உரசி மெல்ல அலையடிக்கின்றன,
அடுத்தடுத்துக் கட்டிய படகுகள் போல.
கம்பியை நகர்த்தினால் சுருதி சேரும்,
அடி விலகும்.
விரலை வைத்து, எடுத்துவிடுகிறாள்.

படகுக் காற்று கொட்டகை முழுக்க.
தான் கேட்ட பாட்டு இதுதான் என்று நினைத்து
பையன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான்.
இடப்பக்கத் தட்டைக் கழற்றுகிறாள், கை ஈரம்.

முடிய இன்னும் முப்பத்திரண்டு ஆவர்த்தனம்.
ஐம்பத்தாறு வினாடிக்குள் அடுத்தது வேண்டும்.
பெட்டியைப் பார்க்கிறாள்.
ஏழு இல்லை.
ஒன்பதும் இல்லை.